அழைப்பிதழில் அப்பாவின் பெயர்

வாசகி எழுதிய கடிதம், சற்றுச் சுருக்கி:

"நான் முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தவள். வயது 27. 2009 மே மாதம் வட்டுவாகலில் அப்பா ஆர்மியிடம் சரணடைந்ததை அம்மாவும் நானும் கண்ணால் பார்த்தோம். எனக்கு அப்போது பத்துப் பதினொரு வயது. அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அம்மா போகாத விசாரணை இல்லை. இப்போதும் மாதாமாதம் போராட்டத்துக்குப் போய்வருகிறார். எனக்குக் கல்யாணம் பேசி முடிந்திருக்கிறது. வீட்டுக்காணி அப்பாவின் பெயரில் இருக்கிறது. அதை என் பெயருக்கு மாற்றச் சொல்லி மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள். மரணச் சான்றிதழ் எடுத்தால் வேலை சுலபம் என்கிறார் மாமா. அம்மாவிடம் சொன்னேன். 'கொப்பரைச் சாகடிச்சுப் போட்டுத்தான் நீ கலியாணம் கட்டப் போறியோ?' என்று கேட்டார். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அழைப்பிதழில் அப்பாவின் பெயருக்கு முன்னால் 'திரு' போடுவதா 'அமரர்' போடுவதா என்பதிலும் சண்டை. எங்காவது எலும்புகள் தோண்டி எடுக்கிறார்கள் என்று செய்தி வரும்போது, அதில் அப்பா இருந்தால் எல்லாம் ஒரு முடிவுக்கு வந்துவிடுமே என்று சில நேரம் நினைத்துவிடுகிறேன். அப்படி நினைத்ததற்காக ராத்திரி முழுக்க அழுதிருக்கிறேன். நான் கெட்ட மகளா? அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?"

அன்புள்ள மகளுக்கு,

முதலில் அந்த ராத்திரி அழுகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வன்னியில் இருபது வருடத்துக்கு மேலாகக் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களோடு வேலை செய்கிறேன். நீங்கள் நினைத்ததை நினைக்காத ஒரு பிள்ளையைக்கூட நான் சந்தித்ததில்லை. சொல்லுவதில்லை, அவ்வளவுதான். எலும்பு கிடைத்தால் நல்லது என்று ஒரு மகள் நினைப்பது அப்பா செத்திருக்க வேண்டும் என்ற ஆசையால் இல்லை. பதினாறு வருடத்துக்கு மேல் ஒரு கேள்வியைச் சுமந்தவளுக்கு அதை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும் போலிருக்கும். "அதுக்குள்ள என்ர பிள்ளை இருக்கக் கூடாது எண்டும் கும்பிட்டன், இருக்க வேணும் எண்டும் கும்பிட்டன்" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். இரண்டு வேண்டுதலும் ஒரே வாயிலிருந்து, ஒரே நேரத்தில் வந்தவை. நீங்கள் கெட்ட மகள் இல்லை.

தோண்டல் செய்திகளைப் பற்றி இன்னொன்று. உங்கள் மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டிய இடத்தில் எலும்புகள் வந்தன. 2024 நடுப்பகுதிக்குள் 52 பேருடைய எச்சங்கள் எடுக்கப்பட்டன. அவை 1994க்கும் 1996க்கும் இடைப்பட்ட காலத்தில் புதைக்கப்பட்டவை என்பது ஆய்வாளர்களின் முடிவு. மன்னார் சதொச கடை வளாகத்தில் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. 2019-ல் அமெரிக்க ஆய்வுகூட அறிக்கை அவை பல நூறு வருடம் பழையவை என்றது. அதை ஏற்காத குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழிகளைப் பற்றிய குற்றச்சாட்டு தொண்ணூறுகளின் நடுப்பகுதியோடு தொடர்புடையது. உங்கள் அப்பா போனது 2009 மே மாதம், வட்டுவாகலில். அதனால் செய்தி வந்தவுடன் உங்களையும் அம்மாவையும் அந்தக் குழியின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். எந்த இடம், எந்தக் காலம் என்று முதலில் பாருங்கள். அன்றைக்கு மட்டும் போனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

இனி அம்மா. சம்மதிக்க வைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அந்தக் கேள்வியை மாற்றச் சொல்லுவேன். எதற்குச் சம்மதம்? காணி வேலைக்கா, அப்பா இல்லை என்பதற்கா? உங்கள் வீட்டில் இந்த இரண்டும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுவிட்டன. மாமா ஒரு நுனியைப் பிடித்து இழுக்கிறார், அம்மா மறுநுனியைப் பிடித்திருக்கிறார், நடுவில் நீங்கள். முதல் வேலை அந்த முடிச்சை அவிழ்ப்பதுதான்.

நம் ஊரில் ஒருவர் செத்தால் செத்தவீடு உண்டு, எட்டுச் செலவு உண்டு, அந்தியேட்டி உண்டு, ஆட்டைத் திவசம் உண்டு. சனம் வந்து இருக்கும். சமையல் நடக்கும். அழுவதற்கு என்று நாள் இருக்கிறது, அழுகையை நிறுத்தி எழும்புவதற்கும் நாள் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவருக்கு இதில் எதுவும் இல்லை. யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. வந்தால் அம்மாவே கோபித்துக்கொள்வார். பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1970களில் வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களைப் பார்த்துவிட்டு இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். அவர் சொன்னதில் எனக்கு மிகவும் உதவியது ஒன்று. இந்த மனிதர்களுக்கு நோய் எதுவும் இல்லை, அவர்கள் மாட்டிக்கொண்டிருக்கும் நிலைமைதான் பைத்தியக்காரத்தனமானது என்பது. சோற்றுத் தட்டு ஒன்றைக் கூடுதலாக வைக்கும் அம்மாவுக்கு மூளை குழம்பவில்லை. அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இதைக் கற்றுக்கொள்ள எனக்குக் காலம் எடுத்தது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு அம்மாவிடம், அவருடைய நன்மைக்கு என்று நினைத்து, "இனி ஏற்றுக்கொள்ளுங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் எழும்பி, மடியில் இருந்த படத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். பிறகு வரவேயில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து யாரிடமும் 'ஏற்றுக்கொள்' என்ற சொல்லைப் பாவித்ததில்லை. நீங்களும் பாவிக்க வேண்டாம். "அவர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டோடும் சேர்த்து இன்றைக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டால் அம்மா காது கொடுப்பார். உண்மையும் அதுதானே.

சரி, காகிதத்துக்கு வருவோம். மாமா சொல்லும் மரணச் சான்றிதழ் 2010ஆம் ஆண்டின் மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் வருவது. யுத்தத்தால் ஒரு வருடத்துக்கு மேல் காணாமல் போனவரை இறந்தவராகப் பதிய அது வழி விட்டது. அப்போது பல குடும்பங்கள் வேறு வழியில்லாமல் எடுத்தன. மரணச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளைக்கு உதவிப்பணம் இல்லை, வங்கியில் கிடந்த காசு இல்லை என்ற நிலைமை. எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பொட்டை அழிப்பதா விடுவதா என்று தெரியாமல் இருந்த பெண்களை எனக்குத் தெரியும்.

2016-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு இன்னொரு பத்திரம் வந்தது: காணாமற்போனமைக்கான சான்றிதழ். மாமாவுக்கு இது தெரியாமல் இருக்கலாம், பலருக்குத் தெரியாது. இந்தப் பத்திரம் உங்கள் அப்பா செத்துவிட்டார் என்று எங்கேயும் சொல்வதில்லை. அவர் காணவில்லை என்று மட்டும் சொல்கிறது. அம்மா இத்தனை வருடமாகச் சொல்லிவருவதும் அதைத்தானே? அதை அரசாங்க முத்திரையோடு எழுதிக் கொடுக்கிறார்கள். இதை வைத்து உதவித் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம், காணாமல் போனவரின் சொத்தைத் தற்காலிகமாக நிர்வகிக்கலாம், பிள்ளைகளின் பாதுகாவலராக இருக்கலாம். பதிவாளர் நாயகம் திணைக்களம்தான் கொடுக்கிறது. காணாமற்போனவர்களைத் தேட அரசாங்கம் அமைத்த காணாமற்போனோர் அலுவலகத்தில் உங்கள் முறைப்பாடு பதிவாகியிருந்தால், அவர்கள் தரும் இடைக்கால அறிக்கை விண்ணப்பத்துக்குப் போதுமான ஆதாரம். எடுத்தால் தேடல் நின்றுவிடும் என்று ஒரு பயம் ஊரில் இருக்கிறது. நிற்காது. முறைப்பாடு முறைப்பாடாகவே இருக்கும்.

இந்த யோசனை நம் நாட்டில் பிறந்ததில்லை. ஆர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனபோது 1977 ஏப்ரலில் சில தாய்மார் புவனஸ் அயர்ஸ் நகரின் மே சதுக்கத்தில் நடக்கத் தொடங்கினார்கள். அங்கும் 'இறந்தார்' என்று எழுதிக் கொடுங்கள், காசு தருகிறோம் என்ற நிலைமை வந்தது, தாய்மார் மறுத்தார்கள். கடைசியில் 1994-ல் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டதால் இல்லாதவர்' என்று ஒரு சட்ட நிலையையே உண்டாக்கினார்கள். உயிரோடு இருப்பவர், இறந்தவர் என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒன்று. அப்படியும் அந்தத் தாய்மார் எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. 1986-லேயே இரண்டு அமைப்பாகப் பிரிந்திருந்தார்கள். எலும்பைத் தோண்டி எடுக்கலாம், நட்டஈடு வாங்கலாம் என்றது ஒரு பக்கம், எதையும் தொடமாட்டோம் என்றது மறுபக்கம். இரண்டு பக்கமும் தாய்மார்தான். உங்கள் வீட்டுச் சண்டையை நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஒருவர் சரி, ஒருவர் பிழை என்று அதில் இல்லை.

அதனால் அம்மா இந்தச் சான்றிதழையும் வேண்டாம் என்று சொல்ல இடம் உண்டு. போராடும் தாய்மாரில் பலர் காணாமற்போனோர் அலுவலகத்தையே நம்புவதில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தொடங்கியது அந்தத் தாய்மாரின் இருப்புப் போராட்டம். வெயிலிலும் மழையிலும் இருந்து, பதில் கிடைக்காமலே எத்தனையோ பேர் கண்ணை மூடிவிட்டார்கள். 2022-ல் அரசாங்கம் ஒரு குடும்பத்துக்கு முதலில் ஒரு இலட்சம், பிறகு இரண்டு இலட்சம் ரூபாய் என்று அறிவித்தபோது பிள்ளைக்கு விலையா என்று கேட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதேநேரம், மழைக்கு ஒழுகும் கூரையைப் பார்த்துக்கொண்டு அந்தக் காசை வாங்கிய தாயையும் நான் குறை சொல்லமாட்டேன். அவர் கையெழுத்துப் போட்டது காசுக்குத்தான், பிள்ளையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

நெருங்கிய உறவு என்ற வகையில் மகளாகிய நீங்களே விண்ணப்பிக்கச் சட்டம் இடம் கொடுக்கும். இதைக் கட்டாயம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் யாராவது உங்கள் காதில் போடுவார்கள். தயவுசெய்து அம்மாவுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். ஆர்மியிடம் போனவர் திரும்பி வராதது அம்மாவுக்கு முதல் அடி. வீட்டுக்குள்ளேயே ஒரு காகிதம் தனக்குத் தெரியாமல் போய்வந்தது என்று அறிந்தால் அது இரண்டாவது அடி. அதிலிருந்து உங்கள் உறவு எழும்புவது கஷ்டம்.

காணி விஷயத்தில் நேராகச் சொல்கிறேன். காணாமற்போனமைக்கான சான்றிதழ் காணியைப் பார்த்துக்கொள்ள உதவும். உங்கள் பெயருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரத்தை அது தராது. அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி என்றால் ஒரு பாதை, உறுதி எழுதிய சொந்தக் காணி என்றால் வேறு பாதை, நீதிமன்றம் போக வேண்டியும் வரலாம். சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணிகள் வசதி குறைந்தவர்களுக்குக் காசு வாங்காமல் ஆலோசனை சொல்கிறார்கள், அவர்களிடம் காணிப் பத்திரத்தின் பிரதியோடு போங்கள். ஆனால் எந்தப் பாதையும் கல்யாண நாளுக்கு முன் முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதனால் மாப்பிள்ளை வீட்டாரிடம் நீங்களும் அவருமாக உட்கார்ந்து பேசுங்கள். மாமாவைத் தூது விடாதீர்கள். "காணி எங்கேயும் போகாது. அப்பா காணாமல் ஆக்கப்பட்டவர். அதற்குச் சட்டத்தில் இருக்கும் வழியால்தான் போவோம். அம்மாவை அவசரப்படுத்த மாட்டேன்." இந்த நாலு வசனம் போதும். முல்லைத்தீவில் இதைப் புரியாத குடும்பம் குறைவு. புரியவே மாட்டோம் என்றால் அதைக் கல்யாணத்துக்கு முன்னமே அறிந்துகொள்வது உங்களுக்கு நல்லது. மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. அதைத்தான் நான் முதலில் கேட்க விரும்புவேன்.

அழைப்பிதழ். இது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'அமரர்' போட்டால் அம்மா அச்சகத்திலேயே விதவையாகிறார். 'திரு' போட்டால் "தகப்பன் எங்க, வரேல்லையோ?" என்று மண்டப வாசலில் யாரோ கேட்பார்கள், நீங்கள் மாலையோடு நின்று பதில் சொல்ல வேண்டும். நான் பார்த்த ஒரு குடும்பம் முன்னால் எதுவும் போடாமல் பெயரை மட்டும் போட்டது. தாயின் பெயரும் அப்படியே, மாப்பிள்ளை வீட்டுப் பெயர்களும் அப்படியே, 'திரு'வும் 'திருமதி'யும் அட்டையில் எங்கேயும் இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. இன்னார், இன்னார் தம்பதிகளின் மகள். அதில் பொய்யும் இல்லை. உங்கள் அப்பா எங்கே இருந்தாலும், இல்லாவிட்டாலும், நீங்கள் அவருடைய மகள்தான். அச்சுக்குக் கொடுக்க முதல் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள், எழுத்துப் பிழையை அவரே பார்க்கட்டும்.

அம்மாவின் பயம் காகிதத்தோடு நின்றிருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் இன்னும் பொட்டு வைக்கிறார், தாலிக்கொடி கழுத்தில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். கல்யாண வீட்டில் ஆலாத்தி எடுக்கக் கூப்பிடும் நேரத்தில், "நீ கொஞ்சம் அங்கால நில்லடி" என்று யாராவது ஒரு பெரியம்மா கையைப் பிடித்து இழுத்துவிடுவாரோ என்ற பயம் இந்தப் பெண்களுக்கு எப்போதும் உண்டு. பெரியம்மா கெட்டவர் இல்லை, அவருக்கும் எப்படி நடப்பது என்று தெரியவில்லை. இதை முன்கூட்டியே ஒழுங்கு செய்யலாம். ஐயரிடம் போய், "அம்மா மணவறையில் எனக்குப் பக்கத்தில் நிற்பார்" என்று சொல்லிவிடுங்கள். கேட்க வேண்டாம், சொல்லுங்கள். கன்னிகாதானம் செய்து கொடுக்கப் போவது மாமா என்றால், அவரை அழைத்து அந்த இடத்தில் உட்காரச் சொல்வது அம்மாவாக இருக்கட்டும். அப்பாவின் இடம் காலியாகவில்லை, அம்மா அதைப் பிடித்து ஒருவரிடம் கொஞ்ச நேரத்துக்குக் கொடுத்திருக்கிறார் என்று ஆகும். இதை முதலில் விளங்கப்படுத்துங்கள், காகிதத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். தன்னுடைய இடம் பறிபோகாது என்று தெரிந்தபிறகு பத்திரத்தைப் பற்றிப் பேச ஒத்துக்கொண்ட அம்மாமாரை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அம்மாவுக்கு உங்களைத் தவிர வேறு ஆட்கள் தேவை. சர்வதேச செஞ்சிலுவைக் குழு இலங்கை முழுவதும் 395 குடும்பங்களைச் சந்தித்து 2016-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் கணக்கில் 16,000க்கு மேற்பட்டவர்களைக் காணவில்லை, அதில் 5,000க்கு மேற்பட்டவர்கள் படையினரும் பொலிசாரும். தெற்கில் ஆர்மிக்காரனின் அம்மாவும் இதே மாதிரி ஒரு சட்டையை மடித்து வைத்திருக்கிறார். இந்தக் குடும்பங்களைச் சின்னச் சின்னக் குழுக்களாக இருத்தி, ஒருவருக்கொருவர் பேச வைக்கும் வேலை பல பிரதேசங்களில் நடந்தது. அதில் நான் பார்த்த பலன் மருந்தில் பார்த்ததைவிட அதிகம். அம்மா போராட்டத்துக்குப் போவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். நீங்கள் நினைப்பதைவிட அங்கே அவருக்கு ஆறுதல் கூட. சாப்பாடு இறங்கவில்லை, வாரக்கணக்கில் நித்திரை இல்லை, சாக வேண்டும் என்று பேசுகிறார் என்றால் மட்டும் தாமதிக்காமல் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, எந்த நேரமும் எடுக்கலாம்.

இதே விதி உங்களுக்கும் பொருந்தும். கடிதம் முழுக்க அம்மா, மாமா, மாப்பிள்ளை வீட்டார். வட்டுவாகலில் நின்ற பத்து வயதுப் பிள்ளையைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. அன்றைக்கு அவள் என்ன பார்த்தாள், அப்பா கடைசியாக என்ன சொல்லிவிட்டுப் போனார் என்பதை நீங்களும் அம்மாவும் ஒருமுறையாவது சேர்ந்திருந்து பேசியிருக்கிறீர்களா? பெரும்பாலான வீடுகளில் பேசியிருக்க மாட்டார்கள். பிள்ளை தாங்காது என்று அம்மா பேசுவதில்லை, அம்மா தாங்கமாட்டார் என்று பிள்ளை பேசுவதில்லை. கல்யாண வேலைகளுக்கு நடுவில் ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். வேறு யாரும் வேண்டாம். சான்றிதழ் பேச்சும் வேண்டாம். அப்பாவைப் பற்றி மட்டும்.

கடைசியாக, அம்மா சம்மதித்து நீங்கள் அலுவலகத்துக்குப் போகும் நாள். வீட்டில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும், எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதற்குள் ஒரு பைல். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் ரசீது, செஞ்சிலுவைக் குழுவின் துண்டு, ஒவ்வொரு ஆணைக்குழுவும் கொடுத்த இலக்கம், மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டிய அடையாள அட்டைப் பிரதி, லேமினேட் பண்ணிய படம். வெயிலில் பிடித்து நின்றதால் படத்தில் ஒரு பக்கம் வெளுத்திருக்கும். அந்தப் பைலை எப்படி அடுக்க வேண்டும் என்று அம்மாவுக்குத்தான் தெரியும். உத்தியோகத்தர் "கொண்டாங்கோ பாப்பம்" என்று கையை நீட்டும்போது நீங்கள் வாங்கிக் கொடுக்காதீர்கள். அம்மாவே பையைத் திறக்கட்டும், அம்மாவே ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைக்கட்டும். எவ்வளவு நேரம் எடுத்தாலும் சரி.